எங்கள் வீதியில் காது ஒழுகாத பிள்ளை இல்லை

பல்லடத்திலிருந்து சற்று உள்ளே தள்ளிய எங்கள் ஊரில், நான் சின்னவளாக இருந்தபோது, காது ஒழுகாத பிள்ளையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சளி பிடித்தால் மூக்கு ஒழுகும், சளி விட்டதும் காது ஒழுகும். பல் முளைப்பதைப் போல இதையும் வளர்கிற வயதின் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெயில் இரண்டு சொட்டு, மேலே ஒரு துண்டுப் பஞ்சு, அவ்வளவுதான் வைத்தியம். வகுப்பில் எப்போதும் யாராவது ஒருத்தி காதில் பஞ்சோடு உட்கார்ந்திருப்பாள். என்ன ஆயிற்று என்று நாங்கள் கேட்டதுகூட இல்லை. ஒருத்திக்கு மட்டும் வந்திருந்தால் பெரியவர்கள் பயந்திருப்பார்கள். எல்லோருக்கும் வந்ததால் அது நோயாகவே தெரியவில்லை.

எங்கள் வீட்டை ஒட்டியே தறிக்குடோன். அப்பாவும் அம்மாவும் கூலிக்கு விசைத்தறி ஓட்டினார்கள். தறி ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. அதனால் தறிக்காரர்கள் வாயசைவிலும் கையசைவிலுமே பேசிக்கொள்வார்கள். கிண்டல், சண்டை, சாப்பிடக் கூப்பிடுவது எல்லாமே அப்படித்தான். அந்தக் கோடியிலிருந்து அப்பா உதட்டை அசைத்தால் போதும், இந்தக் கோடியில் நான் புரிந்துகொண்டு தண்ணீர்ச் சொம்போடு போய் நிற்பேன்.

"எங்க கண்ணுக்குப் பாம்புக் காதுங்க. இத்தன சத்தத்துலயும் சொன்னதப் புடிச்சுக்கும்" என்று வருகிறவர்களிடமெல்லாம் அப்பா சொல்வார். எனக்கும் பெருமை தாங்காது. வலது காது போய்விட்டது, இடது காதில் அரைகுறையாகத்தான் விழுகிறது என்பது எனக்கே தெரியாது. உலகம் அவ்வளவுதான் சத்தம் போடும் என்று நினைத்திருந்தேன்.

கொரோனா ஊரடங்குகள் முடிந்து பள்ளி திறந்தபோது எல்லோர் வாயும் முகக்கவசத்துக்குள் போய்விட்டது. டீச்சர் பாடம் நடத்தினார், எனக்குத் துணி மட்டும் அசைந்தது. கேள்வி கேட்டால் பக்கத்தில் இருப்பவளைப் பார்ப்பேன். அவளும் வாயை மூடியிருந்தாள். தேர்வில் வரிசையாகத் தோற்றேன். டீச்சர் அம்மாவை வரச் சொன்னார். "வீட்ல இருந்து போனையே பாத்துட்டிருந்து பிள்ளைக்குக் கவனமே போயிருச்சுங்க" என்று அவர் சொன்னதை அம்மா அப்படியே நம்பினாள்.

பஸ்ஸில் வழி நெடுகத் திட்டிக்கொண்டே வந்தாள். முகக்கவசத்தோடு திட்டியதால், திட்டு விழுகிறது என்பது அவள் கண்ணில் தெரிந்தது, எதற்கென்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அவள் கவசத்தைக் கழற்றினாள். அப்புறம் கேட்ட ஒவ்வொன்றுக்கும் மடமடவென்று பதில் சொன்னேன். அம்மா திட்டுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் "ஏம்மா, பல்லு வலிக்குதா?" என்று கேட்டேன்.

அவள் என் பெயரைச் சொல்லித் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாளாம். பின்னால் அப்பாதான் சொன்னார்.

திருப்பூரில் காது டாக்டரிடம் போனோம். சீழ் வடிந்து வடிந்து, வலது காதின் உள்ளே இருக்கும் சின்ன எலும்புகளைக்கூட அரித்துவிட்டது என்றார். இடது காதின் ஜவ்விலும் ஓட்டை. ஆரம்பத்திலேயே காட்டியிருந்தால் மருந்திலேயே காய்ந்திருக்கும் என்று அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

"எங்க வீதில எல்லாக் கொழந்தைக்கும் ஒழுகுமுங்க" என்றாள் அம்மா. "அதனால இது ஒண்ணுமில்லீன்னு இருந்துட்டமுங்க."

"எல்லாத்துக்கும் ஒழுகுதுன்னா எல்லாத்தையும் கூட்டிட்டு வந்திருக்கணும்மா" என்றார் டாக்டர்.

அம்மாவின் மேல் எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்றும் கொஞ்சம் இருக்கிறது. அவளைப் பார்த்தால் பாவமாகவும் இருக்கிறது. சீழ் வற்றியதும் இடது காதுக்கு மிஷின் வாங்கிக் கொடுத்தார்கள். "முடிய எறக்கிச் சீவிக்க கண்ணு. கல்யாணம் காட்சின்னு பேச்சு வாரப்ப நாலு பேரு நாலு சொல்லுவாங்க" என்றாள் அம்மா. இறக்கிச் சீவிக்கொண்டேன். கல்லூரிக்கும் அப்படித்தான் போகிறேன். வீதியில் யாருக்கும் தெரியாது.

போன மாதம் பக்கத்து வீட்டு அக்கா தன் சின்ன மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். குழந்தையின் காதில் பஞ்சு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொல்லி அம்மா முன்பே சொல்லியிருந்தாள். மறுபடியும் சொன்னாள். அக்கா சிரித்தார்.

"எல்லாக் கொழந்தைக்கும் வாரதுதானுங்க. உங்க பொண்ணுக்குங்கூட ஒழுகுச்சுன்னு நீங்கதான சொன்னீங்க? இப்ப நல்லாக் கேக்குது, காலேஜ் போகுது."

எனக்கு ஆத்திரமாக வந்தது. என்னைக் காட்டி அந்தக் குழந்தையின் காதைக் கெடுக்கப் பார்க்கிறார்களே என்று இருந்தது. முடியை ஒதுக்கி, மிஷினைக் கழற்றி அக்காவின் கையில் வைத்தேன். அம்மா தடுக்கவில்லை.

அக்கா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அம்மா பக்கம் திரும்பினார். "இது இல்லாட்டி பொண்ணுக்கு ஒண்ணுமே கேக்காதுங்களா?" என்று அவர் உதடு கேட்டது.

அம்மா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பதில் சொன்னாள். நீளமான பதிலாக இருந்திருக்க வேண்டும், அக்கா அழ ஆரம்பித்துவிட்டார். அம்மா என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது.