ஐந்தாம் வார்த்தை எனக்கு வந்த வருடம்

எங்கள் தமிழ்ச் சபையில் பெரிய வெள்ளி ஆராதனை பகல் பன்னிரண்டு மணிக்குத் தொடங்கி மூன்று மணிக்கு முடியும். சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளை ஏழு பேர் பேசுவார்கள். அந்த வருடம் பெண்களிலிருந்தும் ஒருவர் பேசட்டும் என்று போதகர் சொல்ல, ஐந்தாம் வார்த்தை எனக்கு வந்தது. "தாகமாயிருக்கிறேன்."

பழவங்காடிக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையின் சேலைப் பிரிவில் அப்போது எட்டு வருடமாக நின்றுகொண்டிருந்தேன். நிஜமாகவே நிற்பதுதான். ஆள் வராத நேரத்திலும் உட்காரக் கூடாது. கழிப்பறைக்குப் போக சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டும். கேட்கக் கூசி, நாங்கள் யாருமே தண்ணீர் குடிப்பதில்லை.

அந்த லெந்து நோன்பு நாட்களில் நீர்க்கடுப்பு முற்றி, காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தேன். "வெள்ளம் குடிக்காறில்லே?" என்று டாக்டரம்மா மலையாளத்தில் கேட்டார், தண்ணீர் குடிப்பதில்லையா என்று. வெட்கத்தில், "நோம்பு" என்று சொல்லிவிட்டேன்.

கடைக்காரர் செய்ததை ஆண்டவர் தலையில் கட்டிவிட்டேனே என்று அந்தப் பொய் என்னை அரித்தது. பேச வேண்டியது அதைத்தான் என்று முடிவு செய்தேன்.

சூப்பர்வைசரும் எங்கள் சபைதான், கமிட்டியில் இருப்பவர். நான் பேசப்போவதை யார் சொன்னார்களோ, பெரிய வியாழன் திருவிருந்து முடிந்ததும் வாசலில் என்னை நிறுத்தினார்.

"கடைக் காரியத்த கோயில்ல எதுக்குப் பேசணும்? ஆத்தும தாகம்னு நாலு வார்த்தை சொல்லிட்டு எறங்கு. நான் சொல்லித்தான் ஒனக்கு அங்க வேலை கெடச்சது, மறந்திராத."

"மறக்கல சார். ஆனா ஆண்டவருக்கு அன்னிக்கு வறண்டது நாக்குதானே?"



மறுநாள் அவர் இரண்டாவது பெஞ்சில் இருந்தார். ஆனாலும் எல்லாவற்றையும் சொன்னேன். ஆஸ்பத்திரியில் சொன்ன பொய்யையும் சொன்னேன். கடையின் பெயரைச் சொல்லவில்லை, தேவையும் இல்லை. அங்கிருந்த பெண்களில் பாதிப் பேர் ஏதாவது ஒரு கடையில் நிற்பவர்கள். "தண்ணி கேக்குறது பாவம் இல்ல, அவரே கேட்டாரு" என்று முடித்தபோது பின்னால் ஒரு பெண் சத்தமாக "ஆமென்" என்றாள். பெரிய வெள்ளியில் எங்கள் சபையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

சனிக்கிழமை கடைக்குப் போனபோது என்னைக் கீழ்த்தளத்துக்கு, நைட்டிப் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். கொண்டுபோன இரண்டு லிட்டர் பாட்டிலைக் கவுண்டர் மேலேயே வைத்தேன். சூப்பர்வைசர் பார்க்கப் பார்க்கக் குடித்தேன். மதியம் அவரிடம் போய், "பாத்ரூம் போயிட்டு வாறேன் சார்" என்றேன். போகலாமா என்று கேட்கவில்லை. பக்கத்துக் கவுண்டர் மலையாளிச் சேச்சி பாட்டிலை எடுத்து இரண்டு மடக்குக் குடித்துவிட்டு, "ஞானும் வருந்நு" என்று கூடவே வந்தாள். உட்கார ஸ்டூல் கிடைக்க இன்னும் ஒன்றரை வருடம் நாங்கள் எல்லோரும் சேர்ந்து சண்டை போட வேண்டியிருந்தது.

ஈஸ்டர் விடியற்காலை ஆராதனையில் சூப்பர்வைசர் என் பக்கம் திரும்பவே இல்லை. திருவிருந்துக்கு எல்லோரும் முழங்காலிடும்போது பலிபீடத்தின் முன்னால் நிறைய இடம் இருந்தது. நான் நேரே போய் அவர் பக்கத்தில் முழங்காலிட்டேன். அவர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.