குதிரை தலை நிமிர்த்தாத வெடி

ஜனவரி மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை ஓல்டனில் இருந்து ட்ராமலானுக்குப் போனேன். காரணம் கோழிகள். என் கணவரோடு பீலில் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்த ராசன் அண்ணை, இப்போது ட்ராமலானுக்கு மேலே ஒரு பழைய பண்ணைவீட்டை வாடகைக்கு எடுத்து முட்டைக்கோழி வளர்க்கிறார். புதுவருடம் பிறந்து ஒரே கிழமையில் பதினொரு கோழிகள் போய்விட்டன. செய்தது ஒரு மார்டர். எங்கள் மரநாயின் சாயலில், பூனையைவிட மெலிந்து, கூரை இடுக்கெல்லாம் நுழையும் பிராணி. இங்கே சுவிஸில் கார் வயர்களைக் கடிப்பதும் இதுதான். “இன்னும் ஒருக்கா வந்து கொண்டுபோனால் மிச்சத்தையும் வித்துப்போட்டுத் திரும்பவும் தொழிற்சாலைக்கே போறன்” என்று தொலைபேசியில் சொன்னார். குரலில் பகிடி இல்லை.

நான் ஓல்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் தாதி. வேட்டைத் தேர்வில் தேறி மூன்று வருடமாகிறது. பேர்ன் மாநில அனுமதியும் எடுத்திருந்தேன். அந்தப் பகுதி வேட்டைக் காவலரிடம் முன்கூட்டியே கேட்டேன். மார்டருக்கு வேட்டைக்காலம் இன்னும் திறந்திருக்கிறது, ஆனால் வீடுகளுக்கு இவ்வளவு கிட்ட என்பதால் அயலவர் சம்மதிக்க வேண்டும் என்றார். அங்கேதான் சிக்கல். பக்கத்துப் பண்ணைக்காரி கொலெத்திடம் சினையாக ஒரு பெண் குதிரை இருந்தது. போன மாரிப் பனிக்காலத்தில் யாரோ ஒரு வேட்டைக்காரர் பெரிய ரைபிளால் நரி சுட, அந்தக் குதிரை வெருண்டு வேலியைப் பாய்ந்து காலைக் கிழித்துக்கொண்டதாம். அதிலிருந்து கொலெத் யாருக்கும் சம்மதம் கொடுப்பதில்லை.

ஆகவே நான் எடுத்துப்போனது 22 காலிபர் போல்ட் ரைபிளும் சப்சோனிக் என்கிற மெதுவான தோட்டாவும். இங்கே வேட்டைத் தேர்வுக்குப் படிக்கும் தமிழர் இரண்டொருவர் சப்சோனிக் தோட்டா உண்மையில் பிரயோசனமா என்று கேட்டிருந்தார்கள். அவர்களுக்காகவே இந்தப் பதிவு.

விஷயம் எளிது. துப்பாக்கிச் சத்தம் இரண்டு துண்டு. வாயிலில் மருந்து வெடிப்பது ஒன்று. குண்டு ஒலியைவிட வேகமாகப் போனால் வழி நெடுகச் சவுக்கு வெடித்தது போல ஒரு சத்தம் கூடவே வரும், அது மற்றது. குண்டின் வேகத்தை ஒலியின் வேகத்துக்குக் கீழே வைத்தால் இரண்டாவது சத்தம் இல்லை. சின்னக் காலிபரின் நீண்ட குழலில் முதலாவதும் அடங்கித்தான் வரும். சத்தமடக்கி மாட்ட இங்கே தனியாக விசேட அனுமதி வேண்டும். என்னிடம் அது இல்லை.

பயணம்: ஓல்டனில் இருந்து பீல், அங்கிருந்து தவான், பிறகு சின்னச் சிவப்பு ரயிலில் ட்ராமலான். காத்திருப்பு எல்லாம் சேர்த்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அரைக்கட்டண அட்டையோடு போய்வர முப்பத்தைந்து பிராங்குக்குக் கிட்ட. துப்பாக்கி பையில் மூடியிருக்க வேண்டும், தோட்டா வேறாக, மகசினும் வெறுமையாக. அனுமதி அட்டையைக் கையோடு வைத்திருங்கள்.

ஓல்டன் மேடையில் எனக்குத் தெரிந்த ஒரு அக்கா என் தோளில் கிடந்த நீளப் பையைப் பார்த்தார். “என்ன பிள்ளை, இந்த வயசில வயலின் பழகிறீரோ?”

“இல்லையக்கா, துவக்கு.”

“போம், எப்பவும் உமக்குப் பகிடிதான்.” சிரித்துக்கொண்டே பாசல் ரயிலில் ஏறிவிட்டார்.

பீலைத் தாண்டியதும் மலை ஏறுகிறது, பேச்சு பிரெஞ்சுக்கு மாறுகிறது. பயணிகள் குறையக் குறைய யன்னலுக்கு வெளியே பனி தடித்துக்கொண்டே வந்தது. ட்ராமலானில் ராசன் அண்ணை காரோடு நின்றார். பண்ணைக்குப் பத்து நிமிடம். வழியில், “மதாம் தொழுவத்தில நிக்கிறா. நீர் கதைக்க வேண்டாம், நான் கதைக்கிறன். உம்மட ஜெர்மனைக் கேட்டால் குதிரை இன்னும் வெருளும்” என்றார்.

கொலெத் அறுபது வயதைத் தாண்டியவர். கைகொடுத்தார், சிரிக்கவில்லை. ராசன் அண்ணை நெடுநேரம் விளக்கினார். கடைசியில் ஒரு ஒப்பந்தம் வந்தது. அவர் முன்னால் ஒரு தரம் சுட்டுக் காட்ட வேண்டும். குதிரை கலங்கினால் நான் துப்பாக்கியைக் கட்டிக்கொண்டு திரும்பிவிட வேண்டும்.

சுடுவதற்கு நல்ல இடம் ராசன் அண்ணையின் எருக்குவியல். ஆளுயரம், உள்ளே மென்மை, குண்டு எங்கும் தெறிக்காது. முப்பது மீட்டரில் ஒரு பலகையை அதில் சாய்த்தேன். குதிரை தொழுவ வாசலில் வைக்கோல் தின்றுகொண்டிருந்தது. ஓல்டன் நிலத்தடிச் சுடுதளத்தில் நான் வழக்கமாகச் சுடும் தோட்டா, பெட்டியில் நொடிக்கு 330 மீட்டர் என்று போட்டிருந்தது. ஒலி நொடிக்கு 340 மீட்டர் சொச்சம் என்று பாடத்தில் படித்தது. பத்து மீட்டர் இடைவெளி போதும் என்று நம்பியிருந்தேன். சுட்டேன்.

சவுக்கு வெடித்தது.

குதிரை தலையைத் தூக்கி, காதுகளை விடைத்து, இரண்டடி பின்னுக்குப் போனது. கொலெத் கயிற்றைப் பிடித்தபடி “நொன்” என்றார். அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

ராசன் அண்ணை பிரெஞ்சை விட்டுவிட்டு என்னிடம் திரும்பினார். “பிள்ளை, இது அந்தச் சத்தமெல்லோ?”

“ஓம் அண்ணை, அதேதான்.”

யாழ்ப்பாணத்தில் யுத்தத்துக்குள் வளர்ந்த எவருக்கும் அந்தச் சத்தம் தெரியும். தலைக்கு மேலே சுளீர் என்று ஒன்று, பிறகு தூரத்தில் டும் என்று ஒன்று. முதலாவது குண்டுக்குச் சொந்தம், இரண்டாவது துவக்குக்கு. சுளீரைக் கேட்டால் அது உன்னைத் தாண்டிப் போய்விட்டது என்று அர்த்தம். பள்ளிக்கூட வயதிலேயே எங்களுக்கு இது அத்துப்படி. என் குண்டு ஒலியைத் தாண்டித்தான் போயிருக்கிறது என்பதில் எங்கள் இருவருக்கும் சந்தேகமே இல்லை. ஓல்டனில் ஒருநாளும் தாண்டாதது இங்கே எப்படித் தாண்டியது?

தொழுவக் கதவில் ஒரு வெப்பமானி தொங்கியது. மறை பன்னிரண்டு பாகை.

சுடுதளத்தில் எப்போதும் பதினெட்டுப் பாகை. குளிர்ந்த காற்றில் ஒலி மெதுவாகத்தான் போகும். மறை பன்னிரண்டில் அது நொடிக்கு 324 மீட்டருக்கு இறங்கிவிடும். மலை உயரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, குளிர் மட்டும்தான். குளிரில் தோட்டாவும் கொஞ்சம் வேகம் இழக்கும் என்றாலும், என்னுடையது ரயிலில் சட்டைப்பைச் சூட்டிலேயே வந்தது. பையில் இன்னொரு பெட்டி இருந்தது, 305 மீட்டர். வாங்கி வைத்துப் பாவிக்காமல் கிடந்தது.

“அண்ணை, இன்னும் ஒரேயொரு வெடி கேளுங்கோ. இது வேற தோட்டா.”

“கேக்கிறன். ஆனா இதுவும் அப்பிடி வெடிச்சா, நான் இஞ்ச அவவுக்குப் பக்கத்தில இருக்கேலாது.”

அவர் என்ன சொன்னாரோ, கொலெத் என் பக்கம் திரும்பினார். பிறகு ஒரு விரலை உயர்த்தினார். ராசன் அண்ணை மொழிபெயர்த்தார். “ஒண்டு. அதுவும் தான் குதிரையின்ட கழுத்தைக் கட்டிப்பிடிச்ச பிறகாம்.”

சுட்டேன். மரப்பெட்டியின் மூடி விழுந்தது போல ஒரு சத்தம். அதைவிடப் பலகையில் குண்டு பட்ட ‘டக்’ பெரிதாகக் கேட்டது. குதிரை ஒரு காதை மட்டும் திருப்பியது. வைக்கோலில் இருந்து தலையை எடுக்கவில்லை. கொலெத் குதிரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தோள்களைக் குலுக்கினார். அதுதான் சம்மதம். பிறகு அவரே இன்னும் நான்கு வெடிக்கு விட்டார். குண்டு பழைய தோட்டாவைவிட ஒரு விரல் அகலம் கீழே பட்டதால், ஸ்கோப்பைத் திருத்த அது தேவைப்பட்டது.

மார்டர் கடைசி வெளிச்சத்தில் வரும் என்று ராசன் அண்ணை சொல்லியிருந்தார். நாலரைக்குக் களஞ்சியத்தின் கீழ் யன்னலில் உட்கார்ந்தேன். அவர் எனக்குப் பின்னால் வாளியைக் கவிழ்த்துப்போட்டு இருந்தார்.

“அந்தப் பக்கம் ஒரு நரியும் வாறது” என்று கிசுகிசுத்தார். “எண்பது மீட்டர் இருக்கும். வந்தா அதையும் போடுமன்.”

“இதாலயோ? மாட்டன் அண்ணை. காயம்தான் படும்.”

“அப்ப இது என்னத்துக்கு உதவும்?”

“மார்டருக்கு.”

கோழிகள் உள்ளே போய்க் கொஞ்ச நேரத்தில் கல்மதிலின் மேல் மார்டர் ஓடி வந்தது. தொண்டையில் வெள்ளை. நின்று பார்த்தது. இருபத்தைந்து மீட்டர்தான். ராசன் அண்ணை என் முதுகில் தட்டினார். நான் விசையில் இருந்து விரலை எடுத்துவிட்டேன். மெதுவான ஈயக்குண்டு கல்லிலும் உறைந்த நிலத்திலும் பட்டால் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. மதிலுக்கு அப்பால் கொலெத்தின் தொழுவம். அது மதிலில் நின்ற ஒவ்வொரு கணமும் ராசன் அண்ணையின் மூச்சு என் காதில் கேட்டது. பிறகு அது இறங்கி, கூட்டை நோக்கி எருக்குவியலின் முன்னால் வந்தது. சுட்டேன். அந்த இடத்திலேயே விழுந்தது, அசையவில்லை.

ராசன் அண்ணை வாளியில் இருந்து எழும்பினார். “கேட்டது” என்றார். “ஆனா இது அந்தச் சத்தமில்லை.” கோழிக்கூட்டின் கதவைப் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார்.

கால்மணி நேரம் கழித்து களஞ்சியக் கதவு தட்டப்பட்டது. கொலெத், கையுறையெல்லாம் வைக்கோல். ராசன் அண்ணை கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். “எப்ப சுடப்போறா எண்டு கேக்கிறா. நாலரையில இருந்து குதிரையின்ட கழுத்தைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு கை விறைச்சுப்போச்சாம்.”

இனி, போக நினைப்பவர்களுக்கு. சப்சோனிக் தோட்டா மார்டர், முயல் போன்ற சின்னப் பிராணிகளுக்கு, நாற்பது மீட்டருக்குள் மிக நல்லது. இறைச்சியும் தோலும் கெடாது. அதற்கு அப்பால் ஆசைப்படாதீர்கள். முப்பதில் குறி சரிசெய்த என் ரைபிள் நூறு மீட்டரில் ஒரு அடி கீழே போடுகிறது. வேகம் குறைவென்று ஆபத்து குறையாது, குண்டுக்குப் பின்னால் மண்ணோ எருவோ இருக்க வேண்டும். பெட்டியில் உள்ள இலக்கத்தை நீங்கள் சுடப்போகும் இடத்தின் குளிரோடு ஒப்பிடுங்கள். மாரிக்கு 310ஐத் தாண்டாததை வாங்குங்கள். சுடப்போகும் குளிரிலேயே ஸ்கோப்பைப் பாருங்கள். சட்டங்கள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு, உங்கள் வேட்டை அலுவலகத்தைக் கேளுங்கள். அயலவரை அதற்கு முன்பே கேளுங்கள்.

துப்பாக்கி தூக்கும் பெண்ணாக நான் ஏன் ஆனேன் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். அந்தச் சுளீரை நான் விரும்பினால் கேட்கலாம், விரும்பாவிட்டால் வராமல் வைத்திருக்கலாம் என்பது அன்று மாலை திரும்பும் ரயிலில்தான் உறைத்தது. அது எனக்குப் பிடித்திருந்தது.

வசந்தத்தில் ராசன் அண்ணை ஒரு படம் அனுப்பினார். கொலெத்தின் புல்வெளியில் நெட்டைக் கால்களோடு ஒரு குட்டி, அதன் கால்களுக்கு இடையே அவருடைய கோழிகள் மேய்கின்றன. கீழே எழுதியிருந்தார்: “மதாம் சொல்லுறா, அடுத்த மாரிக்கு வரேக்க முன்கூட்டியே சொல்லட்டாம். குதிரையைப் பிடிக்க இல்லை, கோப்பி போட.”