கடைசி வரை ஆடாத விளையாட்டு

எங்கள் குழுவுக்கு ஒரே ஒரு சட்டம்தான். ஒன்றைப் பரிந்துரைக்கிறவர் முதலில் தானே அதைக் கடைசி வரை படித்திருக்க வேண்டும், பார்த்திருக்க வேண்டும், ஆடியிருக்க வேண்டும். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவன் நான். மீறியவனும் நான்தான்.

ஓய்வுபெற்ற நாங்கள் சிலர் ஞாயிறு காலைகளில் சிங்காநல்லூர்க் குளத்தோரம் நடந்துவிட்டுப் பேக்கரியில் உட்காருவோம். ஆக்டோபஸ் கனவு காணுமா, வெகுநேரம் வராத பேருந்துகள் ஏன் ஒன்றாகச் சேர்ந்து வருகின்றன என்று பேச்சு போகும். பிறகு ஆளுக்கொரு கட்டுரை, காணொளி அல்லது கைபேசி விளையாட்டை வாட்ஸப் குழுவில் போடுவோம். அடுத்த வாரம் அதைப் பற்றிப் பேச்சு.

கணிதப் பேராசிரியராக இருந்தவன் என்பதால் என் பரிந்துரைக்குத் தனி மரியாதை. பம்புசெட் பட்டறை நடத்திய நண்பர் மட்டும் கிண்டல் செய்வார். “ஏனுங்க சார், நீங்க அனுப்புன ஆக்டோபஸு கட்டுரைய எடுத்தனுங்க. மாத்திரை இல்லாமயே தூங்கிப்போட்டேன்.” ஆனால் மறுநாள் மீதியையும் படித்திருப்பார். நான் முதல் பக்கத்தைத் தாண்டியிருக்க மாட்டேன். “முழுசாப் படிச்சீங்களா?” என்று ஒரு வாத்தியாரைக் கேட்க எங்கள் ஊர் ஆட்களுக்கு வாய் வராது. அதை நம்பித்தான் என் பெயர் ஓடிக்கொண்டிருந்தது.

இந்த ஆண்டு அந்த நண்பரின் மனைவி காலமானார். நண்பர் மறுபடி குளத்துக்கு வரத் தொடங்கியதும் அவருக்கென்று ஒரு விளையாட்டைப் போட்டேன். வயதான கணவனும் மனைவியும் ஒரு வீட்டின் அறைகளில் தொலைந்த பொருட்களைத் தேடுவார்கள். ஒரு புதிரை அவிழ்த்தால் ஓர் அறை திறக்கும். நான் சமையலறை வரை ஆடியிருந்தேன். “மனசுக்கு இதமாக இருக்கும்” என்று எழுதினேன்.

அடுத்த ஞாயிறு நண்பர் வரவில்லை. எங்கள் குழுவில் செவிலியராக இருந்து ஓய்வுபெற்ற அம்மா ஒருவர் என்னைத் தனியே அழைத்தார்.

“சார், அந்த வெளையாட்ட கடைசி வரைக்கும் ஆடுனீங்களா?”

“ஆடினேனே.”

“கடைசி ரூம்ல அந்தம்மா செத்துப்போயிர்றாங்க. அவரு ஒத்தையா பீரோவக் காலி பண்றாரு. தெரிஞ்சேதான் இவருக்கு அனுப்புனீங்களா?”

பொய்யன் என்று சொல்லிக்கொள்வதா, இரக்கமற்றவன் என்று நினைக்க விடுவதா? நேராக நண்பர் வீட்டுக்குப் போனேன்.

கதவைத் திறந்தவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“வாங்க சார், வாங்க. உங்களப் பாக்கோணும்னுதான் இருந்தனுங்க. ஆடி முடிச்சுட்டேன். நாலு பேரு முன்னால அழுதுபோடுவன்னுதான் இன்னைக்கு வரல.” காபியை நீட்டியபடி சொன்னார்: “எங்கூட்டு அம்மணி பேச்ச யாருமே எடுக்கறதில்லீங்க. பையன்கூட வேற பேச்சுக்குப் போயிடறான். நீங்க ஒருத்தர்தான், பாத்துப் பாத்து, எனக்குன்னு அனுப்பியிருக்கறீங்க.”

அந்த நன்றியை வாங்கிக்கொண்டேன். ஆம், காபி முடியும் வரை வைத்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால் அவருக்குக் கிடைத்த ஆறுதலைப் பிடுங்குவதாகும் என்று எனக்கு நானே வசதியாகச் சொல்லிக்கொண்டேன். டம்ளர் காலியானதும் அந்தச் சாக்கும் தீர்ந்தது.

“நான் முழுசா ஆடலைங்க. சமையல்கட்டோட நிறுத்திட்டேன். முடிவு எனக்குத் தெரியாது. நம்ம நர்ஸம்மாகிட்டயும் முழுசா ஆடினேன்னு பொய் சொல்லிட்டேன்.”

அவர் என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார். எழுந்து போகச் சொல்வார் என்று செருப்பு கிடந்த பக்கம் பார்த்தேன்.

“அப்ப அந்த ஆக்டோபஸு கட்டுரை?”

“முதல் பக்கம்.”

“அடப் பாவத்த! அதுல படம் மட்டும்தானுங்களே நல்லா இருந்துச்சு. நாந்தான் ஏமாந்து முழுசையும் படிச்சனா?” சிரிக்கத்தான் செய்தார், ஆனால் குரல் உடைந்திருந்தது. தன் கைபேசியை எடுத்து விளையாட்டை முதலிலிருந்து திறந்து என் மடியில் வைத்தார். “ஆடுங்க. நான் பக்கத்துல இருக்கறேன்.”

ஆடினேன். என் விரல் தப்பான இடத்தில் பட்டபோதெல்லாம், “இந்தக் கையிதான் கணக்குச் சொல்லிக் குடுத்துச்சாக்கும்” என்றார். கடைசி அறை திறந்தது. கட்டில் காலியாக இருந்தது. கிழவர் பீரோவிலிருந்து புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்தார். அதன் பிறகு புதிர் எதுவும் இல்லை. நண்பர் திரையைப் பார்க்கவில்லை. உள்ளறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி போனதிலிருந்து நான் கேட்டிராத ஒன்றைக் கேட்டேன்.

“அவங்க புடவையெல்லாம் என்ன பண்ணினீங்க?”

“ஒண்ணும் பண்ணலீங்க. அப்படியே இருக்குது,” என்று சொல்லி எழுந்தார். “வாங்க, காட்டறேன்.”