வடகாற்றில் திரும்பும் ஆந்தை

வங்காளத்தின் பெஹாலாவில் நாங்கள் வாடகைக்கு இருப்பது மொட்டைமாடியில் கட்டிய இரண்டு அறைகள். கதவைத் திறந்தால் எதிரே, கைப்பிடிச்சுவரின் மூலையில், இரும்புக் கம்பத்தின் உச்சியில் ஒரு தகர ஆந்தை நிற்கும். அது காற்றுத் திசைகாட்டி. காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். எங்கள் கதவு தெற்குப் பார்த்தது. அதனால் கோடை முழுவதும், தென்காற்றில், அது எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. நவம்பரில் வடகாற்று தொடங்கிய பிறகு ஒரு காலை கதவைத் திறந்தேன். இரண்டு பித்தளைக் கண்கள் நேராக வீட்டுக்குள் பார்த்துக்கொண்டிருந்தன. பால் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

அந்த வாரம்தான் என் மகள் யாழினிக்கு மூச்சு இளைக்கத் தொடங்கியது. இரண்டு வயது. மருத்துவர் நெபுலைசர் எழுதிக் கொடுத்தார். குளிர்காலப் புகைதான் காரணம், வளர வளரச் சரியாகும் என்றார். நான் தலையாட்டினேன். வேறு மருத்துவரிடமும் கேட்டிருக்க வேண்டுமோ என்று ஆட்டோவில் வரும்போது நினைத்தேன். கேட்கவில்லை.

திருநெல்வேலியில் இருக்கும் என் கணவரின் அக்கா, என் மதினி, தினமும் வீடியோவில் பிள்ளையைப் பார்ப்பார். அன்று நான் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன்.

“ஏ கவிதா, ஒனக்குப் பின்னால என்னது அது? ஆந்தையால்லா இருக்கு!”

“தகரம் மதினி. காத்து பாக்கதுக்கு வச்சிருக்காங்க.”

“தகரமோ தங்கமோ, இளைப்பு உள்ள பிள்ளையில்லா! வாசலப் பாத்து மொறைக்கி. மொதல்ல அத எடுக்கச் சொல்லு. படிச்சு என்னத்தக் கண்ட?”

எங்கள் ஊரில் வேப்பமரத்தில் ஆந்தை வந்து உட்கார்ந்தால் அப்பா கல்லெறிந்து விரட்டுவார். தெருவில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று அம்மா மனதுக்குள் எண்ணுவாள். நான் இயற்பியல் படித்தவள். வடகாற்று புகையையும் குளிரையும் கொண்டுவருகிறது. அதே வடகாற்றுதான் ஆந்தையையும் எங்கள் பக்கம் திருப்புகிறது. ஆந்தை பார்ப்பதால் பிள்ளைக்கு இளைக்கவில்லை. இதை ஒரு தாளில் படம் போட்டுக்கூட விளக்கிவிடுவேன். ஆனால் அது பார்க்கும் நாட்களில் பிள்ளைக்கு இளைத்தது என்பதும் உண்மைதான்.

எடுக்கச் சொல்லி யாரிடம் கேட்பது? வீட்டுக்கார அம்மாவை மாஷிமா என்று கூப்பிடுவோம். ஹவுராவில் பட்டறையில் வேலை பார்த்த அவர் கணவர் தன் கையாலேயே வெட்டிய ஆந்தை அது. வேலைக்குப் போகும் வழியில் ஒரு தேவாலயக் கோபுரத்தில் இதேபோல் காற்றுக்குத் திரும்பும் சேவலைப் பார்த்துவிட்டு வந்தாராம். சேவல் விழித்திருந்து விடியலைச் சொல்வது, அதனால் அவர்களுக்குச் சேவல். கடலை நம்பிப் பிழைப்பவர்கள் மீனோ கப்பலோ வைப்பார்கள். நம் வீட்டுக்கு லக்ஷ்மியின் வாகனமான ஆந்தைதானே பொருத்தம் என்றாராம். இங்கே ஆந்தை வந்தால் செல்வம் வரும். அவர் சேவலையே வெட்டியிருந்தால், முருகன் கொடியில் இருப்பதல்லவா என்று மதினி கன்னத்தில் போட்டுக்கொண்டிருப்பார்.

ஒரு வியாழக்கிழமை, கணவர் சால்ட் லேக்குக்கு வேலைக்குப் போனதும், ஸ்டூலில் ஏறி யாழினியின் பழைய துண்டை ஆந்தையின் தலையில் சுற்றிக் கயிற்றால் கட்டினேன். வியாழன் இங்கே லக்ஷ்மிக்கு உரிய நாள் என்பது நினைவில் இல்லை. துணி உலர்த்த வந்த மாஷிமா கம்பத்தடியிலேயே நின்றுவிட்டார்.

“பௌமா, இன்னைக்குப் போய் இது முகத்தை மூடியிருக்கியே?”

பௌமா என்றால் மருமகள். “சத்தம்... குழந்தை... தூக்கம் இல்லை” என்று உடைந்த வங்காளத்தில் சொன்னேன். அது கிரீச்சிடும் என்பது மட்டும் பொய்யில்லை.

“ஆகே போல்பே தோ!” என்றார். முன்னாலேயே சொல்ல வேண்டாமா என்று அர்த்தம். துண்டை அவிழ்த்து, உதறி, மடித்து என் கையில் கொடுத்தார். கீழே போய்க் கடுகெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தார். நான் தடுக்கத் தடுக்க, எழுபது வயதில், அதே ஸ்டூலில் ஏறினார். நான் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். “என் முட்டியும் இதுவும் ஒண்ணு. எண்ணெய் போடலைன்னா கத்தும்” என்று சிரித்தபடி அச்சில் சொட்டுச் சொட்டாக விட்டார். விரலால் தள்ளிப் பார்த்தார். ஆந்தை சத்தமின்றி ஒரு முழுச் சுற்று வந்தது. “இனிமே உன் பொண்ணு தூங்குவா.” உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவரைக் கைபிடித்துக் கீழே இறக்கிவிட்டேன்.

முன்பெல்லாம் துரு பிடித்து அங்கங்கே சிக்கிக்கொள்ளும். இப்போது மெல்லிய வடகாற்றுக்கே திரும்பி எங்களைப் பார்க்கிறது.

“எடுத்தாச்சா?” என்று மதினி கேட்டார்.

“எடுத்தாச்சு மதினி.”

அன்றிலிருந்து கதவைப் பார்த்து உட்கார்ந்துதான் பேசுகிறேன். மதினிக்கு என் பின்னால் சுவர் மட்டும் தெரியும். நேற்று யாழினி முகமூடியோடு என் மடியில் இருந்தாள்; நெபுலைசர் உறுமிக்கொண்டிருந்தது. அவள் கைபேசிக்கு மேலே, வெளியே பார்த்து, இரண்டு கைகளையும் குவித்தாள். காலைதோறும் மாஷிமா அவளைத் தூக்கிக்கொண்டுபோய் ஆந்தைக்கு அப்படிக் கும்பிடச் சொல்லிக்கொடுக்கிறார்.

“பாரேன், அத்தைக்கு வணக்கம் வைக்கா எந் தங்கம்!” மதினியும் கைகுவித்தார்.

கைபேசியை நடுவில் பிடித்தபடி, இரண்டு பக்கமும் கும்பிட்டு முடியும்வரை, நான் அசையாமல் இருந்தேன்.