மலைமேல ஏறினப்புறம்தான் அரிசி தெரிஞ்சுது

மூவார்லேருந்து என் சம்சாரத்தோட தம்பி, மலாக்காவைச் சுத்திப் பார்க்கணும்னு இன்னிக்குக் காலையில காஜா பேராங்ல இருக்கிற நம்ம வீட்டுக்கு வந்தான்.

ஜப்பான்காரன் வந்ததிலேருந்து நமக்கெல்லாம் மூணு வேளையும் மரவள்ளிதான். மச்சானுக்கு ஒரு வேளையாவது சோறு போடணுமேன்னு, நாலு நாள் முன்னாடியே புக்கிட் பாருல இருக்கிற என் கூட்டாளி மாணிக்கத்துகிட்ட ஒரு பால் டின் அளவு அரிசி கேட்டேன்.

"சத்தியமா ஒரு மணிகூட இல்லடா"ன்னு கண் கலங்கினான். பாவம்னு நான்தான் அவனுக்கு நாலு கிழங்கு குடுத்துட்டு வந்தேன்.

இன்னிக்கு மச்சானுக்குக் கோட்டை வாசலைக் காட்டிட்டு, வேகாத வெயில்ல மலைமேல கூட்டிட்டுப் போனேன். நான் வாயைத் திறக்குறதுக்குள்ள கடலைக் காட்டி, "அந்தத் தீவுதானே பூலாவ் பெசார்?"ங்கிறான்.

"உனக்கெப்படிடா தெரியும்?"

"நேத்து மாணிக்கம் அண்ணன் காட்டினாரு. ரெண்டு நாளா அவர் வீட்டுலதான் இருந்தேன். கோவிச்சுக்காதீங்க மச்சான், அங்க சோறு கிடைக்கும்னாங்க."

"கிடைச்சுதா?"

"வயிறு நிறைய. யாரோ நாலு கிழங்கு குடுத்தாங்களாம், அதைக் கோழிக்குப் போட்டுட்டாரு."

நாளைக்கு நான் பையைத் தூக்கிக்கிட்டு மாணிக்கம் வீட்டுக்குப் போறேன். நான் வெளியூரு, ஊரைச் சுத்திக் காட்டுன்னு கேட்கப் போறேன்.

கூட யார் யார் வர்றீங்க? இலை நான் கொண்டு வர்றேன்.