டெஸ்ஸுக்கும் ஆல்பிக்கும் ஒரு வண்டி

கிளைவ் ஹெப்வொர்த் ஹாலிஃபாக்ஸில் இருபத்திரண்டு வருடமாகக் குப்பை லாரியில் வேலை பார்ப்பவன். லாரியை ஓட்டுகிறவன் இல்லை. லாரிக்குப் பின்னால் ஓடுகிறவன். வீட்டு வாசலில் நிற்கும் சக்கரத் தொட்டியை இழுத்து வந்து லாரியின் வாயில் மாட்டிக் கவிழ்த்து, காலியானதைத் திரும்பக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். ஒரு நாளைக்கு ஆயிரம் தொட்டிக்கு மேல். எந்தச் சந்தில் எது போகும், எது மாட்டிக்கொள்ளும் என்பதைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவான். அளவு நாடாவை அவன் தொட்டதே இல்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

அந்தத் திமிருக்குச் செப்டம்பர் மாதத்தில் சோதனை வந்தது.

அவன் மனைவி லின்சி, மூத்தவள் டெஸ் பிறப்பதற்கு முன்னால் ரொட்டி ஆலையில் இருந்தவள். ஆறு வருடம் கழித்து அதே ஆலை அவளைக் கூப்பிட்டிருந்தது. மத்தியானம் இரண்டு மணியிலிருந்து ராத்திரி பத்து வரை வேலை. அக்டோபர் முதல் திங்கட்கிழமை வந்து நின்றால் இடம் அவளுக்கு, இல்லாவிட்டால் வேறு ஆளுக்கு. கிளைவுக்கு ஒன்றரைக்கெல்லாம் வேலை முடிந்துவிடும். அதனால் மூன்று மணிக்கு டெஸ்ஸைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வருவது அவன் பொறுப்பு. கூடவே பதினோரு மாதத்து ஆல்பியும் இருப்பான். வீட்டில் கார் கிடையாது. பள்ளிக்கூடம் இருப்பது மேட்டுக்கு மேலே.

டெஸ்ஸுக்குப் பிறக்கும்போதே மூளையில் அடி. கால் நிற்காது, கழுத்து சொன்ன பேச்சைக் கேட்காது, வாயில் வார்த்தை வராது. புத்தியில் ஒரு குறையும் இல்லை. ஆமாம் என்றால் கண்ணை மேலே தூக்கிக் கூரையைப் பார்ப்பாள். இல்லை என்றால் இறுக்கி மூடிக்கொள்வாள். இந்த இரண்டை வைத்துக்கொண்டே வீட்டை ஆட்டிப் படைத்துவிடுவாள்.

அவளுக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த சக்கர நாற்காலி இருந்தது. ஆல்பிக்கு ஒரு தள்ளுவண்டி இருந்தது. வலது கையால் நாற்காலியைத் தள்ளி, இடது கையால் வண்டியை இழுத்துப் பார்த்தான் கிளைவ். இறக்கத்தில் ஒன்று தபால்பெட்டிப் பக்கம் போனது, இன்னொன்று மீன் வறுவல் கடைப் பக்கம் போனது. ஆல்பியை மார்பில் கட்டிக்கொள்ளலாம் என்றால், போன வருடம்தான் கிளைவுக்குக் குடலிறக்கத்துக்கு அறுவை நடந்தது. கடையில் விற்கும் இரட்டை வண்டிகள் பதினைந்து கிலோப் பிள்ளை வரைக்கும்தான் தாங்கும். டெஸ் பத்தொன்பது கிலோ.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான வண்டிகளை இரவல் தரும் சங்கம் ஒன்று, பழைய தேவாலயத்தின் அடித்தளத்தில் இருந்தது. ஒரு வண்டியை ஒரு வாரம் வைத்துப் பார்க்கலாம். பிடித்துப்போனால் பிள்ளை வளர்ந்து அடங்காமல் போகும்வரை நம்மிடமே இருக்கும். அதை நடத்தியவள் வெண்டி. கம்பளிச் சட்டைக்கு மேலே எப்போதும் ஒரு அளவு நாடாவைக் கழுத்தில் போட்டிருப்பாள்.

"இரட்டை வண்டி மூணு இருக்கு," என்றாள். "முதல்ல பிள்ளைங்க பக்கத்துல பக்கத்துல உக்காருறது. அகலம் முப்பத்தொரு அங்குலம். உங்க வாசக்கதவு எவ்வளவு?"

"அதெல்லாம் போகும்."

"எவ்வளவுன்னு கேட்டேன்."

"இருபத்திரண்டு வருசமா சந்து சந்தா தொட்டி இழுக்குறேன். பாத்தா தெரியாதா எனக்கு?"

வெண்டி நாடாவைக் கழற்றி நீட்டினாள். அவன் வாங்கவில்லை. அவள் தோளைக் குலுக்கிவிட்டு நோட்டில் பெயர் எழுதிக்கொண்டாள்.

வண்டி வீடு வரை ராஜா மாதிரி வந்தது. டெஸ்ஸுக்குத் தலையைத் தாங்க இரண்டு பக்கமும் மெத்தை, இடுப்புக்குப் பட்டை. ஆல்பி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அவள் மழைச்சட்டைக் கயிற்றைப் பிடித்துச் சப்பிக்கொண்டு வந்தான். கிளைவ் கதவைத் திறந்து, நேராகப் பிடித்து, ஒரு தள்ளு தள்ளினான். இரண்டு பக்கமும் நறுக்கென்று மாட்டிக்கொண்டது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

"கொஞ்சம் திருப்பினா போயிரும்," என்றான்.

லின்சி சமையலறையிலிருந்து வந்து, பிள்ளைகளுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தாள். "எப்படித் திருப்புவ? சாய்ச்சா ஒண்ணு விழும். நிமித்தினா இன்னொண்ணு விழும்."

"தொட்டின்னா போகும்."

"தொட்டியைப் பக்கவாட்டுல திருப்பிக்கலாம், கிளைவ். அதுக்குள்ள நம்ம பிள்ளைங்க இருக்க மாட்டாங்க."

அவன் எப்போதும் தொட்டியின் ஒடுக்கமான பக்கத்தை வைத்தே கணக்குப் போட்டு வந்திருக்கிறான் என்பது அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது. எதிர்வீட்டுக்காரர் நாயோடு வந்து நின்று வேடிக்கை பார்த்தார். கிளைவ் ஒரு சக்கரத்தைக் கழற்றி, கையில் எண்ணெய்க்கறையோடு வண்டியை விடுவிப்பதற்குள் கால் மணி நேரம் ஆனது. அந்தக் கால் மணி நேரமும் டெஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். உடம்பெல்லாம் குலுங்கியது.

"அப்பன் மானம் போறது உனக்கு அவ்வளவு சந்தோசமா?" என்று கேட்டான். அவள் கூரையைப் பார்த்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை வண்டியைத் திருப்பிக் கொடுத்தான். வெண்டி எண்ணெய்க்கறை படிந்த சக்கரத்தைப் பார்த்துவிட்டு, நோட்டில் ஒரு கோடு அடித்தாள்.

இரண்டாவது வண்டியில் ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால். அகலம் இருபத்திநாலு. கிளைவ் எதிர்வீட்டுக்காரரிடம் ஒரு நாடாவை இரவல் வாங்கி வீட்டில் கதவை அளந்துவிட்டே வந்திருந்தான்: இருபத்தொன்பது. ஆல்பி முன் இருக்கையில், டெஸ் கனமானவள் என்பதால் பின்னால். கதவில் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. மேட்டிலும் பரவாயில்லை. நடைபாதையில் ஏற்ற, முன்சக்கரத்தைத் தூக்கி ஒரு மிதி. அவ்வளவுதான்.

ஆனால் டெஸ் கண்ணை மூடிக்கொண்டாள். சாயங்காலம் பழகிப் பார்க்கப் போனபோது வீட்டு வாசலில் மூடியவள் பள்ளிக்கூட வாசலில்தான் திறந்தாள். திரும்பும்போது மறுபடி மூடினாள்.

"பட்டை இறுக்குதா?" மூடினாள். "குளிருதா?" மூடினாள். "கழுத்து வலிக்குதா? மெத்தை உறுத்துதா? வெயில் கண்ணுல படுதா?" ஹாலிஃபாக்ஸில் செப்டம்பரில் என்ன வெயில். ஆனாலும் கேட்டான். எல்லாவற்றுக்கும் அதே பதில்.

ஆமாம், இல்லை என்று மட்டும் சொல்லக்கூடிய ஆளிடம் இதுதான் கஷ்டம். நமக்குத் தோன்றியதைத்தான் நாம் கேட்க முடியும். தோன்றாதது அவளுக்குள்ளேயே கிடக்கும்.

கிளைவுக்கு ஒரு யோசனை வந்தது. வண்டியின் பின் இருக்கைக்குப் பக்கத்தில் நடைபாதையிலேயே முட்டி போட்டு, டெஸ்ஸின் தலை உயரத்துக்குத் தன் தலையைக் கொண்டுவந்து பார்த்தான். அவள் கண்ணுக்கு எதிரே இருந்தது ஆல்பியின் இருக்கைக் கூண்டு. கறுப்புத் துணி. வேறொன்றும் இல்லை.

"ரோடு தெரியலையா கண்ணு? அதானே?"

அவள் உடனே மூடவில்லை. கொஞ்ச நேரம் அவனையே பார்த்தாள். பிறகு மூடினாள். அது அவனை இன்னும் குடைந்தது. கிட்டே வந்துவிட்டோம், ஆனால் தொடவில்லை என்பதுபோல இருந்தது.

சரி என்று இடத்தை மாற்றினான். டெஸ்ஸை முன்னால் வைத்தான். முன் இருக்கைக்குப் பதினைந்து கிலோதான் என்று பட்டையிலேயே எழுதியிருந்தது, பார்த்தும் வைத்தான். ரோடு முழுக்க அவள் எதிரே விரிந்து கிடந்தது. அவளோ கண்ணை மூடிக்கொண்டாள். முதல் நடைபாதையிலிருந்து இறக்கும்போது பின்சக்கரம் இரண்டும் மேலே எழும்பிவிட்டன. அவன் மொத்த உடம்பையும் கைப்பிடியில் போட்டு அழுத்தியதால் தப்பித்தது. திரும்பி நடந்து வீட்டுக்கே வந்துவிட்டான்.

லின்சி அன்றைக்கு ஆலையிலிருந்து கொடுத்திருந்த வெள்ளைத் தொப்பியைக் கண்ணாடி முன்னால் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் கழற்றினாள்.

"ஆகலைன்னா சொல்லிரு. நான் அவங்களுக்கு வரலைன்னு சொல்லிடுறேன்."

"இன்னும் ஒரு வாரம் இருக்குல்ல."

"அவ எதையுமே ஒத்துக்கலைன்னா?"

"ஒத்துக்காம இல்ல. எதையோ சொல்லுறா. எனக்குத்தான் கேக்கத் தெரியல."

மறுநாள் லாரியில் தேநீர் நேரத்தில் மிக்கிடம் சொன்னான். மிக் பத்து வருடமாக அவனோடு தொட்டி இழுப்பவன். கல்யாணம் ஆகாதவன், பிள்ளைகளைப் பற்றி ஒன்றும் தெரியாதவன், அதனால் எதைப் பற்றியும் தயங்காமல் பேசுகிறவன். பன்றிக்கறி ரொட்டியைக் கடித்துக்கொண்டே கேட்டான்.

"என்னென்ன கேட்ட, வரிசையா சொல்லு."

கிளைவ் சொன்னான். பட்டை, குளிர், கழுத்து, மெத்தை, வெயில், ரோடு.

"எல்லாம் வண்டியைப் பத்தியே கேட்டிருக்கடா மடையா. வண்டில இன்னொரு ஆள் உக்காந்திருக்கானே, அவனைப் பத்தி என்ன கேட்ட?"

"அவனைப் பத்தி என்ன கேக்குறது? அவன் பாட்டுக்குச் சிரிச்சுக்கிட்டு வர்றான்."

"எதைப் பாத்துச் சிரிக்கிறான்?"

"எனக்கென்ன தெரியும்? கூண்டு மறைக்குது."

மிக் ரொட்டியைக் கீழே இறக்கினான். "உனக்கே மறைச்சா, பின்னால உக்காந்திருக்கவளுக்கு?" என்றான். ஓட்டுநர் ஹாரன் அடித்தான். இன்னும் நாற்பது வீடு பாக்கி.

அன்று சாயங்காலம் மசித்த உருளைக்கிழங்கும் மீனும் டெஸ்ஸுக்கு ஊட்டிக்கொண்டிருந்தான் கிளைவ். ஸ்பூனைத் தட்டில் வைத்துவிட்டுக் கேட்டான்.

"டெஸ், வண்டில போகும்போது ஆல்பி சிரிக்கிறான்ல? எதுக்குச் சிரிக்கிறான்னு உனக்குத் தெரியணுமா?"

டெஸ்ஸின் கண் மேலே போனது. வழக்கமாகப் போவதுபோல இல்லை. கண்ணோடு தலை, தலையோடு தோள், எல்லாம் மேலே போய், வாயிலிருந்த உருளைக்கிழங்கு கிளைவின் சட்டையில் வந்து விழுந்தது.

"முதல் வண்டில, கதவுல மாட்டினோமே, அன்னிக்கு நீ சிரிச்சது என்னைப் பாத்து இல்லையா?"

கண்ணை மூடினாள். கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"பாதி என்னைப் பாத்து," என்றான் கிளைவ். "சரி, பரவால்ல."

லின்சி வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "ரெண்டு வாரமா அந்தப் பிள்ளை கறுப்புத் துணிக்குப் பின்னால உக்காந்து, அவன் சிரிக்கிற சத்தத்தை மட்டும் கேட்டுக்கிட்டு வந்திருக்கா," என்றாள். "நானா இருந்தா நானும் கண்ணை மூடிருப்பேன்."

ஒரு வாரத்தை அவள் இரண்டாக்கிவிட்டாள். கிளைவ் திருத்தவில்லை.

வெள்ளிக்கிழமை வெண்டியிடம் நடந்ததைச் சொன்னான். டெஸ்ஸை முன்னால் உட்கார வைத்ததையும் சொன்னான். அதற்கு அவள் நன்றாக வாங்கு வாங்கென்று வாங்கினாள். பிறகு மூலையிலிருந்து மூன்றாவது வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"இதை யாரும் எடுக்க மாட்டாங்க. பார்க்க அசிங்கமா இருக்கு, கனமும் அதிகம். பெரிய இருக்கை பின்னால. சின்ன இருக்கை முன்னால, ஆனா அதைத் திருப்பி மாட்டலாம். சின்னவன் முதுகு ரோட்டைப் பாக்கும், முகம் இவளைப் பாக்கும்."

"அப்ப கால்?"

"ரெண்டு பேர் காலும் நடுவுல ஒரே இடத்துலதான். உதைச்சுக்குவாங்க."

"உதைக்கட்டும்," என்றான் கிளைவ். "அகலம்?"

"இருபத்தஞ்சு."

அவன் கையை நீட்டினான். வெண்டி நாடாவைக் கொடுத்தாள். அவனே அளந்தான். இருபத்தைந்தேதான். நீளத்தையும் அளந்தான், கைப்பிடி உயரத்தையும் அளந்தான், தேவையே இல்லாமல் சக்கரத்தின் குறுக்களவையும் அளந்தான்.

"இவ்வளவு நாள் எங்க இருந்தீங்க நீங்க," என்றாள் வெண்டி.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்த்தார்கள். மறுநாள்தான் லின்சி ஆலைக்குப் போக வேண்டிய திங்கட்கிழமை. மேட்டைக் கிளைவ் தனியாக ஏற வேண்டும். லின்சி முப்பது அடி பின்னால், கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு வருவாள். கையை வெளியே எடுத்தால் தோல்வி என்று பேச்சு.

தூறிக்கொண்டிருந்தது. வண்டி உண்மையிலேயே கனம். பாதி மேட்டில், செங்குத்தான இடத்தில், தள்ள முடியவில்லை. பின்னால் லின்சியின் காலடி நின்றது. கிளைவ் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டியை அரைவட்டம் திருப்பினான். கைப்பிடியை முதுகுப் பக்கமாகப் பிடித்துக்கொண்டு, கனத்த தொட்டியை மேட்டில் எப்படி இழுப்பானோ அப்படி இழுத்தான். சக்கரம் சொன்னபடி கேட்டது. இருபத்திரண்டு வருடம் இழுத்த தோள் அது. தள்ளத்தான் அதற்குத் தெரியவில்லை.

பேருந்து நிறுத்தத்தில் நின்ற ஒரு அம்மாள் டெஸ்ஸின் நீண்ட காலைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பெரிய பொண்ணு நடக்கக் கூடாதா?" என்றாள்.

"நான் வேணும்னா வண்டில ஏறிக்கிறேன், நீங்க இழுங்க," என்றான் கிளைவ், நிற்காமல்.

உச்சியில் பள்ளிக்கூடக் கம்பிவேலி தெரிந்தது. அங்கே நின்று மூச்சு வாங்கிக்கொண்டு வண்டியைத் திருப்பி, பழையபடி கைப்பிடிக்குப் பின்னால் வந்தான். ஆல்பி அவனுக்கு எதிரே உட்கார்ந்து, வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தான். ஒரு நிமிடம் நிறுத்துவான். டெஸ்ஸின் முகத்தையே உற்றுப் பார்ப்பான். மறுபடி வெடித்துவிடுவான். கிளைவுக்குத் தெரிந்ததெல்லாம் டெஸ்ஸின் பின்னந்தலையும் ஈரத் தொப்பியும்தான்.

"டெஸ், என்னடி பண்ணுற அவனை?"

லின்சி வந்து சேர்ந்தாள். கை பாக்கெட்டில்தான் இருந்தது. முன்னால் போய் டெஸ்ஸின் முகத்தைப் பார்த்தாள். அவளும் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"என்ன பண்ணுறா?"

லின்சி குனிந்து, "அப்பாகிட்ட சொல்லட்டா?" என்று டெஸ்ஸைக் கேட்டாள். பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "கண்ணை மூடிட்டா. சொல்லக் கூடாதாம்."

"இழுத்துக்கிட்டு வந்தவன் நான்."

"நாளைக்கு ரெண்டு மணிக்கு நான் போயிருவேன். மூணு மணியிலிருந்து இவங்க உன்கூடத்தான். நீயே கண்டுபிடி."

கிளைவ் கழுத்தை நீட்டி ஓரமாக எட்டிப் பார்த்தான். அதற்குள் டெஸ் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டுவிட்டாள். ஆல்பி மட்டும் இன்னும் விக்கிக்கொண்டிருந்தான்.