சிரிக்க வேண்டாம் என்றார்கள்

இந்த ஆண்டு வெளியான தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவற்றைக் கோவில்பட்டித் திரையரங்குகளில், ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சியில் பார்த்தேன். நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஆண்டு முடிகிற நேரத்தில் ஒரு சிறுபத்திரிகைக்குப் படங்களைப் பற்றி எழுதுவது வழக்கம். மோசமான படத்திலும் ஒரு நல்ல காட்சியைத் தேடி எடுத்துப் பாராட்டுகிறவள் என்று வாசகர்களிடம் எனக்கு ஒரு பெயர் உண்டு. இந்த ஆண்டு அந்தப் பெயரைக் காப்பாற்றும் எண்ணம் எனக்கில்லை.

பொங்கலுக்கு வந்த படத்திலிருந்தே தொடங்குகிறேன். கதை எங்கள் கரிசல்காட்டில் நடப்பதாக முதல் காட்சியிலேயே எழுத்துப் போட்டுச் சொன்னார்கள். திரையில் வந்த மண்ணோ மஞ்சள்பொடியில் புரட்டி எடுத்தது போல இருந்தது. எட்டயபுரத்துக்குக் கிழக்கே பருத்தியும் உளுந்தும் விதைக்கிற குடும்பத்தில் பிறந்தவள் நான். மழை பெய்தால் செருப்பைப் பிடித்து இழுத்து வைத்துக்கொள்ளும், கோடையில் கைவிரல் நுழையும்படி வெடிக்கும் கறுப்பு மண் அது. அந்த மண்ணில் நாயகி வரிசையாக நின்று நெல் நாற்று நடுகிறாள். வானத்தைப் பார்த்து விதைக்கிற காட்டில், முழங்கால் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று படக்குழுவில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அரிவாள் எந்தப் பக்கம் வளைய வேண்டும் என்பதை மட்டும் மிகச் சரியாக விசாரித்து வைத்திருந்தார்கள்.

எங்கள் பேச்சு என்று அவர்கள் நம்பிக்கொண்டிருப்பதையும் சொல்ல வேண்டும். வாக்கியத்துக்கு இரண்டு ‘ஏலே’ போட்டால் தெற்கத்திப் பேச்சாகிவிடும் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஒரு படத்தில் மகன் தகப்பனைப் பார்த்து ‘ஏலே’ என்கிறான். எங்கள் ஊரில் அப்படிக் கூப்பிட்ட பிள்ளைக்கு அன்று இரவுச் சோறு கிடையாது. கோடை விடுமுறைக்கு வந்த பெரிய படங்களிலோ நாயகனின் மனைவி இடைவேளைக்கு முன்பே கொல்லப்பட்டாள். அந்தப் பெண்ணுக்கு என்ன பிடிக்கும், யாரோடு அவளுக்குச் சண்டை, எதற்குச் சிரிப்பாள் என்று எதுவும் நமக்குத் தெரியாது. கிணற்றுத் தண்ணீரில் அவள் சேலை எவ்வளவு அழகாக விரியும் என்பதை மட்டும் விலாவாரியாகக் காட்டினார்கள். நல்ல படமே வரவில்லையா என்றால், வந்தது. பேச்சு முறிந்துபோன தாயும் மகளும் ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு வைத்துச் சமைக்கிற சின்னப் படம். ஒரு வாரம்கூட ஓடவில்லை. நாங்கள் பார்த்த காட்சியில் எங்களையும் சேர்த்துப் பத்துப் பேர் இருந்திருந்தால் அதிகம்.

நாங்கள் என்றால், நானும் என் சிநேகிதியும். கடைவீதியில் அவள் வீட்டாருக்குத் துணிக்கடை. தாத்தா காலத்துக் கடை. முன்பக்கம் கணவர் வேட்டி, சாரம், துண்டு விற்பார். உள்கட்டில் அவள் பெண்களுக்கு ரவிக்கைத் துணி கிழித்துக் கொடுப்பாள். அவர்கள் முஸ்லிம்கள், நாங்கள் இந்துக்கள், அவளும் நானும் ஒருவரையொருவர் ‘மைனி’ என்று கூப்பிட்டே நரைத்துவிட்டோம். அதனால் அவள் கணவர் எனக்கு அண்ணன், நான் அவருக்குத் தங்கச்சி. ஊருக்கு அவர் பாய்.

ஞாயிற்றுக்கிழமை கடை மதியத்தோடு அடைப்பு. அவள் முந்தானைக்குள் கடலைமிட்டாயை மறைத்துக்கொண்டு வருவாள். எங்களுக்குள் ஒரு விளையாட்டு உண்டு. படத்தில் தொப்பியும் தாடியுமாக ஒரு பாத்திரம் தலைகாட்டியதும் அவள் என் பக்கம் சாய்வாள்.

“மைனி, நம்ம ஆளு வந்துட்டாரு. குண்டு வைக்கப் போறாரா, குண்டடிபட்டுச் சாகப் போறாரா, சொல்லுங்க பாப்போம்.”

நான் ஒன்றைச் சொல்வேன், அவள் மற்றதைச் சொல்வாள். தோற்றவர் இடைவேளையில் முறுக்கு வாங்க வேண்டும். மூன்றாவதாக ஒரு வழி, அதாவது அந்த மனிதர் படம் முழுக்க உயிரோடு இருந்து, வட்டிக்குக் கடன் வாங்காமல் மகளைக் கட்டிக்கொடுத்து, பேரனோடு சண்டை போட்டுக்கொண்டு வாழ்வது, எந்தப் படத்திலும் வந்ததாக நினைவில்லை. அவள் சிரிப்பாள். நானும் சிரித்திருக்கிறேன். அவள் எதைத் தாங்கிக்கொள்வதற்காக அந்தச் சிரிப்பைக் கண்டுபிடித்தாள் என்பது எனக்குத் தெரியும். அவளுக்கும், எனக்குத் தெரியும் என்பது தெரியும்.

சென்ற ஆண்டு, வெயில் இறங்கிய ஒரு நாளில், ஒரு படக்குழு எங்கள் கடைவீதிக்கு வந்தது. இயக்குநர் இளைஞர், மரியாதையாகப் பேசுகிறவர். கரிசலைப் பற்றிய புத்தகங்களை எல்லாம் படித்திருப்பதாகச் சொன்னார். அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. படிக்காதவர் செய்திருந்தால் அறியாமை என்று விட்டிருப்பேன். அண்ணனின் கடையைப் பார்த்ததும், பழைய மர அலமாரிகளையும் தொங்கும் துண்டுகளையும் காட்டி, இங்கே ஒரு சின்னக் காட்சி எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அண்ணன் வாடகை வேண்டாம் என்றார். நம் ஊரைப் பற்றிய படத்துக்கு நம் கடையில் எப்படி வாடகை வாங்குவது என்பது அவர் கேள்வி. குழு முழுவதற்கும் நன்னாரி சர்பத் வந்தது. புறப்படும்போது ஆளுக்கொரு பொட்டலம் கடலைமிட்டாயும் போனது.

அண்ணனை அவர் இடத்திலேயே உட்காரச் சொன்னார்கள். யாரோ கூப்பிட்டது போல நிமிர்ந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். சிக்கல் என்னவென்றால், அண்ணனுக்கு யாரையும் சிரிக்காமல் பார்க்கத் தெரியாது. கடைக்கு வருகிறவரைப் பார்த்துச் சிரித்தே வளர்ந்த முகம் அது. கேமரா ஓடத் தொடங்கியதும் அவர் நிமிர்ந்தார், சிரித்தார். சிரிக்க வேண்டாம் பாய் என்றார்கள். சரி என்று தலையாட்டினார், நிமிர்ந்தார், சிரித்தார். உள்கட்டின் திரைக்குப் பின்னால் அவர் மனைவியும் நானும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றோம். பல முறை இப்படியே நடந்தது. கடைசியில் ஓர் உதவி இயக்குநர் அருகே வந்து, கடையில் திருட்டுப் போய்விட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். அண்ணன் அதை உண்மையாகவே நினைத்தார். முகம் இறுகியது. எல்லோரும் கை தட்டினார்கள்.

அன்றிலிருந்து கடைக்கு வந்த ஒவ்வொருவரிடமும் அவர் இதைச் சொன்னார். துண்டு எடுக்க வந்தவரிடம், கல்யாண ஜவுளிக்கு வந்த குடும்பத்திடம், தூத்துக்குடியிலிருந்து வரும் மொத்த வியாபாரியிடம். படம் எப்போது வரும் என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் சினிமா பற்றி எழுதுகிறவள் அல்லவா, எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தார்.

படம் வந்தது. வெள்ளி, சனி இரண்டு நாளும் அவருக்குக் கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போய் முதலில் பார்த்துவிட்டு வருவதாகவும், அடுத்த வாரம் பேரப்பிள்ளைகள் வந்ததும் அவர்களோடு அவர் போவதாகவும் ஏற்பாடு. மைனி அன்று பட்டுச்சேலை கட்டியிருந்தாள்.

கதையின் நாயகன் ஒரு போலீஸ் அதிகாரி. எங்கேயோ குண்டு வெடிக்கிறது. அவன் ஜீப்பில் ஒரு கடைவீதி வழியாகப் போகிறான். எங்கள் கடைவீதி. அவன் குரல் பின்னணியில் ஒலிக்கிறது. அவர்கள் வெளியே இல்லை, நமக்கு நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்கிறது. ஜன்னலுக்கு வெளியே முகங்கள் கடக்கின்றன. ஒரு தாடி. ஒரு தொப்பி. பர்தா அணிந்த ஒருத்தி. பிறகு, மேளச்சத்தம் ஓங்கி அடங்குகிற இடத்தில், துண்டுகளுக்கு நடுவிலிருந்து மெல்ல நிமிர்கிற ஒரு முகம். சிரிக்காத முகம். ஊரில் ஒருவரும் அதுவரை பார்த்திராத முகம்.

அரங்கம் விசிலடித்தது.

“ஏலே, நம்ம பாய்லே” என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. கைதட்டல் எழுந்தது. எனக்கு அந்தப் பையன்களைத் தெரியும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அந்தக் கடையில்தான் வேட்டி எடுப்பார்கள். தெரிந்த முகம் திரையில் வந்த சந்தோஷத்தில் அடித்த விசில் அது. இதை இன்றும் நம்புகிறேன். ஆனால் அதே நொடியில் திரை அவரை இந்த நாட்டின் எதிரி என்று சொல்லிக்கொண்டிருந்தது. என் பக்கத்தில் இருட்டில் உட்கார்ந்திருந்தவளுக்கு, அந்த விசில் எதற்காக என்று எப்படித் தெரியும்? தன் ஊர்க்காரர்களின் அன்பையே அவள் சந்தேகித்துப் பார்க்கும்படி ஒருவர் செய்திருக்கிறார். இந்த ஆண்டு வெளியான படங்கள் செய்த கேடுகளில் இதற்கு இணையாக இன்னொன்றை என்னால் சொல்ல முடியாது.

அவள் என் பக்கம் சாயவில்லை. நேராகத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அடுத்த காட்சிகளில் அந்த முகம் மறுபடி வரவில்லை. கதைக்கு அவர் தேவையே இல்லை. பயத்துக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது, இலவசமாகக் கிடைத்தது.

ஆட்டோவில் திரும்பும்போதுதான் வாய் திறந்தாள்.

“வெட்டிட்டாங்கன்னு சொல்லிருவோம் மைனி. படம் நீளமாப் போச்சாம், நம்ம கடையை வெட்டிட்டாங்கன்னு.”

அப்படியே சொன்னோம். நம் முகம் சினிமாவுக்குத் தோதுப்படவில்லை போலிருக்கிறது என்றார் அண்ணன். பாவம், பையன்கள் எத்தனை தடவை எடுத்தார்கள், நான்தான் சிரித்துச் சிரித்துக் கெடுத்துவிட்டேன் என்று எங்களிடமே வருத்தப்பட்டார். மைனி உள்கட்டுக்குப் போய்விட்டாள்.

பொய் பத்து நாள்கூடத் தாங்கவில்லை. பக்கத்துப் பாத்திரக்கடைக்காரர் அண்ணனை மாமா என்று கூப்பிடுகிறவர். இரண்டு கடைக்கும் நடுவில் சுவர்தான் உண்டு, ஒளிவுமறைவு கிடையாது. யாரோ திரையிலிருந்து கைப்பேசியில் பிடித்து அனுப்பிய அந்தத் துண்டுக் காட்சியை எடுத்துக்கொண்டு அவர் ஓடிவந்தார். நான் அப்போது கடையில் இருந்தேன். தடுக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

“மாமா, வெட்டிட்டாங்கன்னு யாரு சொன்னா? இங்கன பாருங்க. பெரிய நடிகன் கணக்கால்லா இருக்கீக.”

அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். இன்னொரு தடவை போடச் சொன்னார். குரலையும் சேர்த்துக் கேட்டார். பாத்திரக்கடைக்காரரின் முகத்தில் பெருமை தவிர வேறொன்றும் இல்லை. அவரும் பார்த்திருக்கிறார், கேட்டிருக்கிறார். அந்த வார்த்தைகள் தன் மாமாவைப் பற்றியவை என்று அவருக்கு உறைக்கவே இல்லை. அவரை நல்லவர் என்பதா, என்ன சொல்வது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. அண்ணன் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

“வெளிச்சம் நல்லா விழுந்திருக்கு மாப்ளே” என்றார்.

மனைவியை அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. ஊரில் யாரும் அவரை ஒரு சொல் சொல்லவில்லை. அதையும் நேர்மையாக எழுத வேண்டும். வந்தவர்கள் எல்லோரும் படத்தில் பார்த்தோம் பாய் என்று சந்தோஷமாகவே சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் அவர் தலையாட்டினார்.

ஆடித் தள்ளுபடியின்போது வெளியூர்க் குடும்பம் ஒன்று வந்தது. எங்கள் வட்டாரத்துப் பேச்சு இல்லை. வேட்டிகளை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர் அண்ணனை ஒரு முறை உற்றுப் பார்த்தார், பிறகு மனைவியிடம் குனிந்து ஏதோ சொன்னார். அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். பிள்ளையின் கையைப் பிடித்தாள். வேறு இடத்தில் பார்த்துவிட்டு வருகிறோம் என்று சொல்லி இறங்கிப் போனார்கள். விரித்த வேட்டிகளை அண்ணன் ஒவ்வொன்றாக மடித்து வைத்தார். அவர்களுக்கு விலை கட்டுப்படியாகாமல் போயிருக்கலாம். அவரை நடிகர் என்று நினைத்துப் பேசியிருக்கலாம். எது உண்மை என்று இனி எந்த நாளும் அவருக்குத் தெரியப்போவதில்லை. உள்ளே வருகிற ஒவ்வொரு புது முகத்திடமும் அவர் அதைத் தேடிக்கொண்டிருக்க வேண்டும். அறுபத்தைந்து வயதில் ஒரு மனிதருக்கு அந்த வேலையைக் கொடுத்திருக்கிறார்கள்.

அந்தப் படத்தைத்தான் ஆண்டின் சிறந்த படங்களில் ஒன்று என்று நான் மதிக்கிற இருவர் எழுதியிருக்கிறார்கள். மண்ணின் மணம் என்கிறார்கள். கடைவீதிக் காட்சியின் இயல்பான முகங்களைத் தனியே பாராட்டியிருக்கிறார்கள்.

மைனி அதன்பின் சினிமாவுக்கு வரவில்லை. முழங்கால் வலி என்கிறாள். நான் ஒரு ஞாயிறு தனியாகப் போனேன். தொப்பி வைத்த ஒருவர் திரையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். இடைவேளை வரை இருக்கவில்லை, எழுந்து வந்துவிட்டேன்.

இந்தக் கட்டுரையை எழுதப்போவதாக அண்ணனிடம் நான் போய்ச் சொன்னேன். அவர் சம்மதிக்காவிட்டால் எழுதுவதில்லை என்ற முடிவோடுதான் போனேன். கடையில் யாரும் இல்லை.

“எழுதுங்க தங்கச்சி. கடைப் பேரு மட்டும் வேண்டாம். எம் பேரும் வேண்டாம்.”

நீங்கள் என்ன தப்புச் செய்தீர்கள், மறைத்து எழுதுவதற்கு என்று கேட்டேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

“தெரிஞ்சவனுக்கு என் மொகம் தெரியும்மா. தெரியாதவன்கிட்ட மொகம் போயிட்டு, பேராவது நம்மகிட்ட இருக்கட்டும்.”

அவர் கேட்டபடி, ஒருவர் பெயர்கூட இல்லாமல் எழுதியிருக்கிறேன். இயக்குநரின் பெயர் பேருந்து நிலையத்துச் சுவரில் ஆளுயர எழுத்தில் இன்னும் ஒட்டப்பட்டிருக்கிறது. மழை பெய்தும் அது கிழியவில்லை.